ஸ்டீம் அக்காவும் ஏழரை மணி டீச்சரும்

சலவைக்கடையில் டீச்சரைப் பற்றி யாராவது ஒரு சொல் குறைத்துப் பேசிவிட்டால், அன்றைக்கு அவருடைய கால்சட்டை மடிப்பு நேராக வீடு போய்ச் சேராது. கடையில் வேலை செய்கிறவர்களுக்கு இது தெரியும். வாடிக்கையாளர்களுக்குத் தெரியாது, பாவம். ஒருமுறை வங்கி மேலாளர் ஒருவர் கல்லாவுக்கு முன்னால் நின்றுகொண்டு, சுவரில் ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சியைப் பார்த்து, "இந்தப் பொம்பளைக்கு அழறதைத் தவிர வேற ஒண்ணும் தெரியாதா?" என்று கேட்டார். இஸ்திரி மேசைக்குப் பின்னாலிருந்து உடனே பதில் வந்தது. "உங்க கோட்டுல இருக்கிற எண்ணெய்க் கறையைப் பாத்தா எனக்கும் அழுகைதான் சார் வருது."

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரியை எல்லாரும் ஸ்டீம் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நீராவி இஸ்திரி இயந்திரத்தில் வேலை பார்ப்பதால் வந்த பெயர் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் வேறு மாதிரி நினைத்தார்கள், ஆனால் அதை அவளிடம் சொல்லும் தைரியம் யாருக்கும் இல்லை.

டீச்சர் என்றால் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. ஏழரை மணி நாடகத்தில் டீச்சராக நடிப்பவள். நாடகம் வருடக்கணக்காக ஓடுகிறது. அதற்குள் டீச்சர் படாத பாடு இல்லை. பொய் வழக்கில் சிறைக்குப் போனாள், நினைவு தப்பிப் பழையபடி நினைவு திரும்பப் பெற்றாள், சொந்தத் தங்கையே அவளைக் கிணற்றில் தள்ளினாள். எல்லாவற்றிலும் ஸ்டீம் அக்கா கூடவே இருந்தாள். டீச்சர் சிறையில் இருந்த வாரம் முழுக்க இவள் வீட்டில் சாப்பாடு தீய்ந்துதான் வந்தது. கணவர் லாரி ஓட்டி ஓய்ந்தவர். "நேரத்தைப் பாரு, ஏழரை. சகுனமே சரியில்ல" என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பிவிடுவார். நாடகம் முடிந்து, நாடகத்தைப் பற்றிய பேச்சும் முடிந்த பிறகுதான் திரும்புவார். குடும்பம் ஒற்றுமையாக இருந்ததற்கு அந்த டீக்கடைக்கும் ஒரு பங்கு உண்டு.

கணவர் கிளம்பினால் மகள் வருவாள். இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தாள், வயிற்றில் பிள்ளை. மகள் சின்ன வயதிலிருந்தே கொஞ்சம் எட்டி நிற்கும் பிறவி. கட்டிப்பிடித்தால் நெளிவாள், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள். நாடகம் ஓடும்போது மட்டும், வீங்கிய காலை நீட்டி அம்மாவின் மடியில் போட்டுக்கொள்வாள். "அந்தத் தங்கச்சிக்காரி மூஞ்சியைப் பாரும்மா" என்பாள். "அவளுக்கு இருக்குடி" என்பாள் அம்மா. அவ்வளவுதான் பேச்சு. ஸ்டீம் அக்காவுக்கு அது போதும். நாள் முழுக்க நின்ற கால் வலியெல்லாம் அந்த அரை மணி நேரத்தில் இறங்கிவிடும். அவள் டீச்சரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியதற்கு உண்மையான காரணம் இதுதான் என்று அவளுக்கே சரியாகத் தெரியாது.

சில வருடங்களுக்கு முன் நாடகக் கம்பெனி தன் உடுப்புகளையெல்லாம் இவர்கள் கடைக்கு அனுப்பத் தொடங்கியது. அன்றைக்கு ஸ்டீம் அக்கா கடை முழுக்க இனிப்பு வாங்கிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அவள் மவுசே தனி. உடுப்பைப் பார்த்தே கதை சொல்லிவிடுவாள். ஒரே மாதிரிச் சட்டை இரண்டு வந்து, அதில் ஒன்று கிழிந்திருந்தால் அடிதடி. கல்யாண உடுப்பில் ஈரமண் இருந்தால் அந்தக் கல்யாணம் நடக்காது. துணி மடிக்கிற பெண், மடிப்புக்காரி, காலையில் வந்ததும் முதலில் கேட்பது, "அக்கா, துணி வந்துச்சா? இன்னிக்கு என்னாகும்?"

சில துணிகளில் 'துவைக்காதே' என்று சீட்டுக் குத்தியிருக்கும். காட்சி இன்னும் முடியவில்லை, கறை அப்படியே இருக்க வேண்டும் என்று அர்த்தம். தொடக்கத்தில் இது தெரியாமல், கதாநாயகன் சுடப்பட்டபோது போட்டிருந்த சட்டையை ஸ்டீம் அக்கா வெளுத்து, கஞ்சி போட்டு அனுப்பிவிட்டாள். நெஞ்சில் குண்டு பாய்ந்தவன் அடுத்த காட்சியில் பளபளவென்று மருத்துவமனையில் படுத்திருந்தான். பார்த்தவர்கள் டாக்டரைப் பாராட்டினார்கள்.

நடுவில் ஒரு முறை, சம்பளத் தகராறில் டீச்சரை மாற்றப்போவதாகச் செய்தி வந்தது. 'இனி டீச்சராக இவர்' என்று ஒரு வரி போட்டு யாரையாவது கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள், பார்க்கிறவர்கள் வாயை மூடிக்கொண்டு ஏற்றுக்கொள்ள வேண்டும். ஸ்டீம் அக்கா ஏற்றுக்கொள்ளவில்லை. கடையில் இருந்த பெண்கள், அவர்களுடைய அண்ணிமார், நாத்தனார்கள், பக்கத்துத் தையற்கடை முழுவதையும் திரட்டிச் சேனலுக்குத் தொலைபேசியில் பேச வைத்தாள். தொலைபேசியை எடுத்தவர்கள் கண்ணில் விரலை விட்டு ஆட்டினாள். டீச்சர் மாறவில்லை. சம்பளம் ஒத்துப்போய்விட்டது என்று பத்திரிகையில் போட்டார்கள். ஸ்டீம் அக்கா அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். யாரால் ஒத்துப்போனது என்று அவளுக்குத் தெரியாதா?

மழை கொட்டிய ஒரு பிற்பகலில் டீச்சரே கடைக்குள் வந்தாள். அன்றைய காட்சிக்கு வேண்டிய மேலங்கி நனைந்துவிட்டது, உடனே இஸ்திரி போட வேண்டும், உடுப்புகளைப் பார்த்துக்கொள்ளும் காஸ்ட்யூமருக்குக் காய்ச்சல். மடிப்புக்காரி கையிலிருந்த போர்வை பாதியில் நின்று தரையைக் கூட்டியது. ஸ்டீம் அக்கா இயந்திரத்தை நிறுத்தினாள். டீச்சர் யாரையும் பார்க்காமல் நேராக இஸ்திரி அறைக்குள் வந்து துணி மூட்டைமேல் உட்கார்ந்தாள்.

"இங்க கதகதப்பா இருக்கு அக்கா. காயற வரைக்கும் இருந்துட்டுப் போறேன். நீங்கதானே எனக்காகச் சேனலோட சண்டை போட்டது? சொன்னாங்க."

டீச்சர் முகத்தில் பூச்சு இல்லை. தாடையில் ஒரு பரு இருந்தது. உலகத்தில் வேறு யாருக்கும் காட்டாத பருவைத் தனக்குக் காட்டிவிட்டாள் என்று ஸ்டீம் அக்கா உருகிப்போனாள். அந்த நிமிடம் சிறுநீரகம் ஒன்று கேட்டிருந்தாலும் கழற்றிக் கொடுத்திருப்பாள். டீச்சர் கேட்டது வேறு.

"நான் அம்மாவா அழுதா பொய்யா இருக்குன்னு டைரக்டர் திட்டறார் அக்கா. எனக்குக் குழந்தை இல்ல, எனக்கென்ன தெரியும்? நீங்க சொல்லுங்க. அம்மாவா இருக்கிறதுல ரொம்பக் கஷ்டமான நாள் எது?"

இத்தனை வருடமும் டீச்சரின் ரகசியங்களை இவள் சுமந்திருக்கிறாள். தங்கைதான் கிணற்றில் தள்ளினாள் என்பது நாடகத்தில் ஒருவருக்கும் தெரியாது, பார்க்கிற இவளுக்குத் தெரியும். யாரிடமும் சொல்ல முடியாமல் தவித்திருக்கிறாள். பதிலுக்குத் தன் ரகசியம் ஒன்று டீச்சரிடம் இருந்தால் என்ன என்று தோன்றியது. வேறு எவளும் இப்படிக் கணக்குப் போட்டிருக்க மாட்டாள். ஸ்டீம் அக்கா போட்டாள்.

சொன்னாள். மகள் பிறந்து சில மாதம். கணவர் லாரியோடு எங்கோ. வாடகை அறையில் தனியாக, குழந்தை ராத்திரி பகல் தெரியாமல் வீறிட்டது. தூக்கம் என்றால் என்னவென்றே மறந்துபோயிருந்தது. காய்ச்சல் என்று மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். எள் விழ இடமில்லாத கூடம். தன் பச்சை ஸ்வெட்டரைக் கழற்றிச் சுற்றி, குழந்தையைப் பெஞ்சில் படுக்க வைத்தாள். தண்ணீர் குடித்துவிட்டு வரலாம் என்று குழாய்வரை போனாள். குழாயிலிருந்து வாசல், வாசலிலிருந்து தெரு. ஒரு பஸ் நின்றிருந்தது. ஏறிவிட்டாள்.

"அடுத்த ஸ்டாப்புக்குள்ள என் பொண்ணு முகம் அப்படியே கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு டீச்சர். என்னால முடியல. இறங்கி ஒரே ஓட்டமா ஓடி வந்துட்டேன்." இந்த இடத்தில் மட்டும் அவள் குரல் கொஞ்சம் மாறியது. மடிப்புக்காரிக்கு நாடகக் கதை சொல்லும்போது மாறுமே, அந்த மாதிரி. "கூடம் பெருக்கற அம்மா மடியில குழந்தை இருந்துச்சு. பாத்ரூம் போய்ட்டு வர இவ்வளவு நேரமான்னு கேட்டுட்டுக் கையில குடுத்துட்டாங்க. யாருக்கும் தெரியாது. அவருக்குத் தெரியாது. என் பொண்ணுக்குத் தெரியாது."

ஸ்வெட்டர் எப்படி இருக்கும் என்று டீச்சர் கேட்டாள். அதையும் சொன்னாள். இடது கை ஓரம் நூல் பிரிந்தது, நெஞ்சில் போகாத பால் கறை, பால் குடிக்கும்போது குழந்தை திருகித் திருகிப் பிய்த்த மூன்றாவது பட்டன். டீச்சரின் கண்ணில் தண்ணீர். ஸ்டீம் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "சத்தியமா இது நம்ம ரெண்டு பேருக்குள்ளதான் அக்கா" என்றாள். அன்று ஸ்டீம் அக்கா வீட்டுக்கு நடந்து போகவில்லை, மிதந்து போனாள்.

அந்த ஸ்வெட்டர் இன்னும் இருந்தது. "ஆஸ்பத்திரியிலருந்து இதுலதான் உன்னை வீட்டுக்குக் கொண்டு வந்தேன்" என்று மகளிடம் பல தடவை சொல்லியிருக்கிறாள். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எந்த நாள் என்று மட்டும் சொன்னதில்லை. எட்டி நிற்கும் மகளுக்கு அந்த ஸ்வெட்டர்மேல் மட்டும் கொள்ளை ஆசை. "என் பாப்பாவையும் இதுலதான் கொண்டு வருவேன்" என்று அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சில மாதம் கழித்துக் காஸ்ட்யூமர் ஒரு பொட்டலத்தோடு வந்தார். வழுக்கைத் தலை, எப்போதும் அவசரம்.

"புது ஸ்வெட்டர் அக்கா. பழசாக்கித் தரணும். நம்ம கடையில உங்க கைதான் இதுக்குச் சரி."

பிரித்தாள். பச்சை. அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். இடது கை ஓரம் நூல் பிரிந்திருக்க வேண்டும். நெஞ்சில் பால் கறை. மூன்றாவது பட்டன் தொங்க வேண்டும். குழந்தை பிடித்து இழுக்கும்போது கையோடு கழன்று வர வேண்டும்.

அவள் ஸ்வெட்டரை மேசையில் வைத்தாள். "யாரு சொன்னா இதெல்லாம்?"

"டீச்சரம்மாதான். சீனே அவங்க யோசிச்சதாம். ரைட்டர் அசந்துபோய்ட்டாராம். டீச்சரோட அம்மா கதை அக்கா, பழைய நாள்ல. கைக்குழந்தையை ஆஸ்பத்திரி பெஞ்சுல போட்டுட்டு பஸ் ஏறிப் போய்டறா. அம்மா வேஷமும் இவங்களே. என்ன கற்பனை பாருங்க!"

ஸ்டீம் அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்ததே கடையில் செய்தியாகிவிட்டது.

சோடாவில் ஊற வைத்தாள். சொரசொரப்பான கல்லால் முழங்கைப் பக்கத்தைத் தேய்த்தாள். வெந்நீரில் முக்கி எடுத்து முக்கி எடுத்துச் சாயத்தை இறக்கினாள். மோசமாகச் செய்துவிடலாம் என்று பார்த்தாள். கைக்கு மோசமாகச் செய்யத் தெரியவில்லை. வேலை ஆக ஆக, அவளுடைய பழைய ஸ்வெட்டர் அவள் கைக்குள்ளேயே வந்து சேர்ந்தது. பட்டனில் மட்டும் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. இரட்டை நூல் போட்டு, இழுத்தால் துணியே கிழியும், பட்டன் வராது என்ற மாதிரி தைத்தாள். அவள் எதிர்ப்பெல்லாம் அந்த ஒரு பட்டனில்தான் இருந்தது.

பொட்டலத்தை அவளே எடுத்துக்கொண்டு படப்பிடிப்பு நடக்கும் இடத்துக்குப் போனாள். ஏழரை மணிக்குப் பார்த்துப் பார்த்து மனப்பாடமான வீடு அங்கே மூன்று சுவரோடு நின்றது. நாலாவது சுவர் இருக்க வேண்டிய இடத்தில் ஒருவர் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். டீச்சர் நாற்காலியில் இருந்தாள். அவள் பக்கத்தில், இத்தனை வருடமாக இவள் சபித்துத் தள்ளிய தங்கைக்காரி உட்கார்ந்து டீச்சருக்கு நகம் வெட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"யாரு...? அட, நம்ம லாண்டரி அக்கா! டைரக்டர் சார், இவங்கதான் என்னோட பெரிய ஃபேன்!" டீச்சர் எழுந்து தோளில் கை போட்டாள். யாரோ படம் பிடித்தார்கள். படத்தில் ஸ்டீம் அக்கா பொட்டலத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிற்பது இன்றைக்கும் இருக்கும்.

"அந்த சீன் வேண்டாம் டீச்சர்" என்றாள் மெதுவாக.

டீச்சரின் கை தோளிலிருந்து இறங்கியது. ஓரமாக அழைத்துக்கொண்டு போனாள். "அக்கா, அதுல உங்க பேரு இல்ல, ஊரு இல்ல. யாருக்குத் தெரியப்போகுது?"

"என் பொண்ணுக்கு அந்த ஸ்வெட்டர் தெரியும்."

டீச்சர் கொஞ்சம் யோசித்தாள். யோசித்தது உண்மை, அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. "நான் யோசிச்ச சீன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே அக்கா. இப்பப் போய் மாத்திச் சொன்னா எனக்கு அசிங்கம் இல்லையா? நீங்க எனக்காக எவ்வளவோ பண்ணிருக்கீங்க. இதையும் பண்ணக் கூடாதா?"

"சத்தியம் பண்ணீங்களே."

"அக்கா, பிளீஸ். இங்க வேண்டாம்."

"சரி. அவ திரும்பி வர்றதையாவது வைப்பீங்கதானே?"

டீச்சர் சிரித்தேவிட்டாள், கெட்ட எண்ணம் இல்லாமல்தான். "திரும்பி வந்துட்டா கதை அங்கேயே முடிஞ்சிருமே அக்கா! அவ வரலேன்னாத்தானே நான் அம்மாவைத் தேட முடியும்? இன்னும் ஒரு வருஷம் ஓட்டணும்ல."

பஸ்ஸில் திரும்பும்போது ஸ்டீம் அக்காவுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. நாடகத்தில் டீச்சரை எத்தனை பேர் ஏமாற்றியிருக்கிறார்கள்! ஒவ்வொரு தடவையும், "இவ்வளவு வெகுளியா இருக்காதடி" என்று திரையைப் பார்த்துக் கத்தியிருக்கிறாள். இப்போது அதே வார்த்தையைத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வந்தாள். அவள் செய்த தப்பை எடுத்துக்கொண்டார்கள். அவள் திரும்பி வந்ததைத் தூக்கி எறிந்துவிட்டார்கள்.

காட்சி ஒளிபரப்பாகும் நாளுக்கு முன் மகளிடம் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் வாயைத் திறந்தாள். மகள் வருவதே நாடகம் தொடங்கும் நேரத்துக்கு. "பாப்பா, உன்கிட்ட ஒண்ணு..." என்றால், "ஷ்ஷ், ஆரம்பிச்சிருச்சும்மா." முடிந்த பிறகு, "வீட்டுக்கு அவர் வந்திருப்பாரு" என்று எழுந்துவிடுவாள். அப்படியே அந்த நாளும் வந்தது. ஸ்டீம் அக்கா தொலைக்காட்சிக்குப் பின்னால் கையை விட்டு வயரைப் பிடுங்கிப் போட்டாள்.

"டி.வி. ரிப்பேரு. இன்னிக்குப் பேசிட்டு இருக்கலாம்" என்றாள்.

"டி.வி. இல்லேன்னா என்னம்மா, போன்லயே பாக்கலாம்." மகள் பையிலிருந்து எதையோ எடுத்து அம்மாவிடம் நீட்டினாள். பச்சை ஸ்வெட்டர். "பாத்துக்கிட்டே இந்த மூணாவது பட்டனை மட்டும் தச்சிக் குடு. நாள் நெருங்குதுல்ல."

சின்னத் திரை என்பதால் நெருங்கி உட்கார வேண்டியிருந்தது. மகள் அம்மாவின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். என்றைக்கும் இல்லாத சாய்வு. தலையின் கனத்தைத் தோளில் வாங்கிக்கொண்டு, ஊசியில் நூல் கோக்க முடியாமல், ஸ்டீம் அக்கா உட்கார்ந்திருந்தாள். இப்போது சொல்லலாம். சொன்னால் இந்தத் தலை நகர்ந்துவிடும். இன்னும் ஒரு நிமிடம், இன்னும் ஒரே ஒரு நிமிடம் என்று இருந்துவிட்டாள்.

மருத்துவமனைக் கூடம் வந்தது. பெஞ்சு வந்தது. டீச்சர் ஸ்வெட்டரைக் கழற்றிக் குழந்தையைச் சுற்றினாள். குழந்தை பட்டனைப் பிடித்தது, பட்டன் கையோடு வந்தது. இரட்டை நூலை யாரோ கத்திரிக்கோலால் தீர்த்துக் கட்டியிருந்தார்கள்.

மகள் திரையைப் பார்த்தாள். அம்மாவின் மடியில் கிடந்ததைப் பார்த்தாள். தலை தோளிலிருந்து எழுந்தது.

திரையில் டீச்சர் பஸ்ஸில் ஏறினாள். சன்னலோரம் உட்கார்ந்தாள். அழவே இல்லை. நடிப்பு என்றால் அதுதான் நடிப்பு, அவ்வளவு நன்றாகச் செய்திருந்தாள். பஸ் நகர்ந்தது, தெருமுனையில் திரும்பியது, மறைந்தது. பாட்டு வந்தது.

ஸ்டீம் அக்காவின் தொலைபேசி அடித்தது. தினமும் நாடகம் முடிந்த கையோடு மடிப்புக்காரி கூப்பிடுவாள். கை பழக்கத்தில் எடுத்துவிட்டது. மடிப்புக்காரியின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"அக்கா, பாத்தியா அந்தச் சண்டாளியை! பெத்த குழந்தையைப் போட்டுட்டுப் போறா, கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல! இவளையெல்லாம் கட்டி வச்சு உதைக்கணும்!"

"அவ திரும்பி வந்தா" என்றாள் ஸ்டீம் அக்கா.

"யாரு? எப்போ? நாளைக்கா? உனக்கு எப்படித் தெரியும், துணி வந்துச்சா?"

அவள் தொலைபேசியை அணைத்தாள். மகளும் தன்னுடையதை மேசையில் கவிழ்த்து வைத்தாள். மகளின் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் இவளுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

"அது நீயா?"

"ஆமா பாப்பா."

"அது நானா?"

தலையசைத்தாள்.

"அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் சொன்னேன். டீச்சர் கடைக்கு வந்தப்போ. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணாங்க."

மகள் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள். "எந்த ஸ்டாப்ல இறங்கினே?"

அடுத்த ஸ்டாப் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கண் முன்னால் வந்த முகமும், ஒரே ஓட்டமும் பின்னாலேயே வரிசையில் நின்றன. அவள் எல்லாவற்றையும் விழுங்கினாள்.

"இறங்கல. கடைசி ஸ்டாப் வரைக்கும் போனேன். எல்லாரும் இறங்குங்கன்னு கண்டக்டர் கத்தினாரு. அப்பவும் நான் எந்திரிக்கல. அதே பஸ் திரும்பி வந்துச்சு."

"எதுக்கு எங்கிட்டத் திரும்பி வந்தே?"

"பால் கட்டிக்கிச்சு. நெஞ்சு கல்லாட்டம் ஆகி, வலி தாங்க முடியல. அதான் வந்தேன்." சொல்லிவிட்டு, "வந்து உன்னைத் தூக்கினேன். நீ குடிச்சே. அதுக்கப்புறம் உன்னை நான் எங்கேயும் விடல" என்றாள். இந்தப் பகுதியும் உண்மைதான். ஆனால் அந்த அறையில் அது எடுபடவில்லை.

"இதையும் அவங்ககிட்டச் சொன்னியா?"

"இல்ல. முகம் கண்ணு முன்னாடி வந்துச்சுன்னு சொன்னேன்."

"ஏன்?"

ஸ்டீம் அக்காவுக்குப் பதில் தெரிந்திருந்தது. சொல்ல வெட்கமாக இருந்தது. "நல்லா இருக்கணும்னு" என்றாள்.

மகள் எழுந்து கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "நீ விட்டுட்டுப் போனதைக்கூட நான் தாங்கிக்குவேன்மா. இப்போ எனக்கே ராத்திரி பயமாத்தான் இருக்கு. என்னால வளக்க முடியுமா, ஓடிருவேனான்னு யார்கிட்டக் கேக்கறதுன்னு தெரியாமத்தான் தினம் இங்க வந்து உக்காந்தேன். நீ ஒரு வார்த்தை சொல்லிருந்தா போதும்." கைப்பையின் வாரை இழுத்துப் பிடித்தாள். "என்கூட நாடகம் பாத்தே. அவகிட்டப் போய்ப் பேசிருக்கே."

ஸ்வெட்டர் அம்மாவின் மடியில் இருந்தது. மகள் அதைப் பார்த்தாள், எடுக்கவில்லை. "பட்டன் தைக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, வீங்கிய காலைச் செருப்புக்குள் நுழைக்கச் சிரமப்பட்டு, பாதி நுழைத்த மாதிரியே நடந்து போய்விட்டாள்.

மறுநாள் கடையில் மடிப்புக்காரி கேட்டாள். "அக்கா, துணி வந்துச்சா? அவ திரும்பி வர்றாளா?" வரவில்லை என்றாள் ஸ்டீம் அக்கா. நாடகக் கம்பெனியின் மூட்டையைப் பிரிக்காமல் பக்கத்து மேசைக்குத் தள்ளிவிட்டாள்.

சாயங்காலம் கணவர் வழக்கம்போல் செருப்பைத் தேடினார். "இன்னிக்குப் போகாதீங்க. நாடகம் இல்ல" என்றாள்.

"ஏன், டி.வி. இன்னும் சரியாகலையா?"

"டி.வி. நல்லாத்தான் இருக்கு. உக்காருங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

அவர் உட்கார்ந்தார். ஆனால் அவள் உடனே தொடங்கவில்லை. வாசற்கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்தாள். ஏழரை அடித்தது. பக்கத்து வீட்டிலிருந்து நாடகத்தின் பாட்டு கேட்டது. அது முடிகிறவரைக்கும் அவள், மகள் வரும் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள், தெருவில் யார் யாரோ போனார்கள்.